கணவன் வேடத்துக்கு ஆள் மாறியது

என் மனைவி லுஸ்மிந்தாவை வீட்டுவேலைக்கு ஹாங்காங்குக்கு அனுப்புவதில்லை என்று உறுதியாக முடிவு செய்தேன். நேரில் சொல்லத் தைரியமில்லை. அதனால் நாடகம் போட்டேன்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். படித்தது நாடகம். அம்மா இன்றும் அக்கம்பக்கத்தில் ‘கணக்கு’ என்றே சொல்லிவருகிறார். பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரில் நான் வேலை பார்க்கும் நாடகக் குழு, டெங்கு, குடி என்று ஊரின் கஷ்டங்களை ஊருக்கே நடித்துக் காட்டும். பாதியில் யார் வேண்டுமானாலும் ‘நிறுத்து!’ என்று கத்தலாம். மேடையேறி, கஷ்டப்படுகிறவரின் வேடத்தை வாங்கிக்கொண்டு கதையை மாற்றலாம். ஊருக்கு எந்த முடிவு பிடிக்கிறதோ, அதை நாங்கள் மறுபடி நடித்தாக வேண்டும். அதுதான் விதி.

இம்முறை கஷ்டம் இதுதான்: வீட்டுவேலைக்கு வெளிநாடு போகும் மனைவி, தவிக்கும் கணவன். கணவன் நான். எங்கள் மகனுக்குப் பதில் ஒரு தலையணை.

கூடைப்பந்து மைதானத்தில் ஊரே கூடியிருந்தது. சோற்றைக் கருக்கினேன். தலையணையைத் தலைகீழாகத் தூக்கினேன். மனைவியாக நடித்த டெலியாவின் காலைக் கட்டிக்கொண்டு கதறினேன்.

பக்கத்து வீட்டு பெபாங் அக்கா மூக்கைச் சிந்தினாள். “பாவம்டி இந்த ஆம்பள! ரெண்டு வருஷம் எப்பிடித் தாங்குவான்?”

ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“நிறுத்து!”

லுஸ்மிந்தா எழுந்து வந்தாள்.

“நீ எதுக்கு வர்றே?” என்று கிசுகிசுத்தேன்.

“இதுல கஷ்டப்படறது யாரு?”

“புருஷன்.”

“அப்பத் தள்ளு. இனிமே நான்தான் நீ.”

என் தொப்பியைப் பிடுங்கி மாட்டிக்கொண்டாள். தலையணையை நேராக்கித் தோளில் போட்டுத் தட்டினாள். அடுப்பைத் தணித்தாள். டெலியாவைப் பார்த்து என் குரலிலேயே சொன்னாள்: “நீ தைரியமா போயிட்டு வா. என் சம்பளத்துல அரிசி வருது, மீன் வரல. பையன நான் பாத்துக்கறேன். பட்டம் வாங்கினவனுக்குச் சோறாக்க வராதா?”

பெண்கள் விசிலடித்தார்கள்.

“இதான் முடிவு! இப்ப அவன் நடிக்கட்டும்!” என்று கத்தினாள் பெபாங் அக்கா. சற்று முன் எனக்காக மூக்கைச் சிந்தியவள்.

டெலியா மெல்ல ஒதுங்கிக்கொண்டாள். தொப்பியை என் தலையில் வைத்துவிட்டு லுஸ்மிந்தாவே எதிரில் நின்றாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

“ம், வசனம்.”

“போ... போயிட்டு வா.”

“கடைசி வரிசைக்குக் கேக்கல.”

உரக்கச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் உடைந்து அழுதுவிட்டேன்.

என் வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஊர் எழுந்து நின்று கைதட்டியது. நடிப்பு அவ்வளவு இயல்பாக இருந்ததாம்.