சாக்கோச்சன் சுருக்கிய கல்யாணம்

தங்கள் பழைய கல்யாண வீடியோவைத் தன் கையாலேயே சுருக்கித் தருவதாகச் சாக்கோச்சன் அறிவித்தபோது, கரிமீன் கழுவிக்கொண்டிருந்த லில்லிக்குட்டி கத்தியைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் அவர் தானாக முன்வந்து ஏற்ற வேலை இது ஒன்றுதான்.

"என்ன இச்சாயா, காய்ச்சலா?"

"வரப்போற மாப்பிள்ளை ஜிபின் அதைப் பாக்கணும்னு கேட்டிருக்கானே!"

"அதுக்குத்தான் கடைல குடுக்கப் போறேன். ஒவ்வொரு பைலும் யானை சைஸ். போன்ல அனுப்பினா போகவே மாட்டேங்குது."

"கடையா? நம்ம கல்யாணத்தைக் கண்டவனும் உக்காந்து பாக்கவா?"

அவருடைய மானம் முழுவதும் அந்த யானைகளில் ஒன்றின் வயிற்றில் கிடந்தது.

கோட்டயத்தில் அவர்கள் கூட்டத்தில், கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை அறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். மாமியார் வெளியே நின்று பாடுவார். வெண்கல உருளி தருகிறேன், மூக்குவைத்த கிண்டி தருகிறேன் என்று கெஞ்சுவார். மனம் இரங்கினால் கதவு திறக்கும்.

"உருளின்னாங்க, அசையல. கிண்டின்னாங்க, அசையல. கறவை மாடுன்னு சொன்ன அப்புறந்தான் தாழ்ப்பாள்ல கையே வச்சேன்." விருந்து தவறாமல் சாக்கோச்சன் சொல்லும் வீர சரித்திரம் இது. மகள் நிம்மியைக் கட்டப்போகும் ஜிபினுக்கு இப்போது பயிற்சியே கொடுத்துக்கொண்டிருந்தார்.

லில்லிக்குட்டியின் அண்ணன் குவைத்திலிருந்து கொண்டுவந்த ஹேண்டிகேம் வேறு கதை சொன்னது. உருளி என்ற சொல் மாமியார் வாயை விட்டு வருமுன்பே மாப்பிள்ளை சாக்கோச்சன் திறக்க ஓடினார். தாழ்ப்பாள் இறுகிவிட்டது. "அம்மச்சீ! யாராவது வாங்களேன்! மூச்சு முட்டுது!" ஆசாரி வந்து கதவைக் கழற்றினார். மாடு கிடைத்தது உண்மைதான். பிள்ளை பயந்துவிட்டானே என்று, ஆறுதலுக்கு.

சாக்கோச்சன் கம்ப்யூட்டர் முன் அமர்ந்தார். கதவுப் படத்தை மட்டும் விட்டுவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சுருக்குவது திட்டம்.

"ஒண்ணொண்ணா எதுக்கு இச்சாயா? போல்டரையே மொத்தமாக் குடுங்க. அதுவே வரிசையாச் செஞ்சிடும்."

மறுத்தால் ஏன் என்பாள். கொடுத்தார். கம்ப்யூட்டர் மாவு மில் மாதிரி இரைந்தது. மத்தியானம் முடித்துவிட்டது. லில்லிக்குட்டி கூட்டுப் பிரார்த்தனைக்குப் புடவை மாற்றப் போன நேரத்தில், கதவுப் படத்தை அழித்தார். குப்பைத்தொட்டியையும் காலி செய்தார். அப்புறம் நிம்மதியாகத் தூங்கினார்.

பிரார்த்தனை முடிந்து அவள் திரும்பியதும், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டார்.

"லில்லீ, ஒரு வருத்தமான சங்கதி. சுருக்கறப்போ ஒரு பைல் கெட்டுப்போச்சு."

"எது?"

"அந்தக் கதவு."

"அடடா. வேற எதுவும் கெடலையே?"

"கெடல. அது மட்டுந்தான். விதி."

லில்லிக்குட்டி செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஓரத்தில் வைத்தாள்.

"இச்சாயா, சுருக்கினா பழசே சின்னதாயிடும்னு நினைச்சீங்களா? துவைச்ச சட்டையா அது? பழசு பழைய இடத்துலயே இருக்கும். சின்னது பக்கத்துல புதுசா ஒரு போல்டர்ல போய் உக்காரும்."

சாக்கோச்சன் எழுந்தார்.

"நீங்க கொன்னது யானையை. குட்டி போட்ட அப்புறம்."

"இரு லில்லீ, அந்தப் போல்டரை..."

"எதுக்கு அவசரம்? இத்தனை வருஷமா யாருக்கும் அனுப்ப முடியாமக் கிடந்துச்சு. உங்க புண்ணியத்துல நீங்க தூங்கறப்ப, நான் கிளம்பறதுக்கு முன்னாடியே குடும்ப குரூப்ல போட்டுட்டேன். இப்பக் கனடாவுல இருக்கற எங்கண்ணன் பாத்துட்டு அழறாராம், சிரிச்சு."

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஜிபின்.

"அப்பா, பாத்தேன். எங்க கல்யாணத்துக்கு ஆசாரியை என்கூடவே உள்ள உக்கார வச்சிடலாமா?"