மூன்று கொட்டேஷனும் ஒரு விசாரணையும்

என் வாழ்க்கையில் மூன்று கொட்டேஷன் வாங்காமல் நான் எடுத்த ஒரே முடிவு என் கல்யாணம்தான். (என் மனைவி நித்யா இதைப் படிக்கும் நாளில் நான் வெளியூரில் இருப்பது நல்லது.) கோவை கணபதியில் பம்ப்செட் செய்யும் கம்பெனி ஒன்றில் பர்ச்சேஸ் பிரிவில் பதினோரு வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். போல்ட் நட்டு வாங்கினாலும் சரி, பாத்ரூமுக்குப் பினாயில் வாங்கினாலும் சரி, மூன்று பேரிடம் விலை கேட்டுக் குறைந்ததை எடுக்க வேண்டும் என்பது எங்கள் முதலாளியின் சட்டம். அந்தச் சட்டத்தை நான் வீட்டுக்கும் கொண்டுபோனேன். அதன் பலனாக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கையில் ஒரு கிலோ ஆட்டுக்கறியோடு, மாமனார் குடும்பத்தின் முன்னால் குற்றவாளி மாதிரி நின்றேன்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. அதிலும் என் மாமனாரிடம் எனக்குத் தனிப் பயம் உண்டு. தாராபுரத்தில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருப்பவர். எனக்குப் பெண் கொடுப்பதற்கு முன் எங்கள் தெருவுக்கு ஆள் அனுப்பி ஒரு வாரம் விசாரித்தார். டீக்கடை, சலூன், என் ஹவுஸ் ஓனர் சரசக்கா என்று ஒருவரையும் விடவில்லை. எங்கள் பக்கத்தில் விசாரிக்காமல் யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள். கடைசியாக என் அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பையனுக்குக் கடன் கிடன் உண்டுங்களா?"

"ஒத்த ரூவா கெடையாதுங்க" என்றாள் அம்மா. அன்றைக்கு அது சத்தியமான உண்மை.

ஒரு வருஷத்தில் அது பொய்யாகிவிட்டது. நித்யாவின் தம்பி பிரபுவுக்குக் கல்யாணம் வந்தது. கூடப் பிறந்தவளுக்குச் செய்யும் இணைச்சீர்ச் சடங்குக்காக, மாப்பிள்ளையின் அக்கா என்ற முறையில் நித்யா மணவறையில் உட்கார்ந்திருக்கிறாள். சொந்தபந்தமெல்லாம் அவளையும், அவள் வீட்டுக்காரனான என்னையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. நான் சும்மா ஒரு கவரை நீட்டினால் மரியாதை என்னாவது? இரட்டைக் கதவு வைத்த பிரிட்ஜ் ஒன்று, ஒரு பவுனில் மோதிரம் ஒன்று. இரண்டும் கிரெடிட் கார்டில். நித்யா கேட்டபோது "இன்சென்டிவ் வந்துச்சு" என்று சொன்னேன். எங்கள் கம்பெனியில் இன்சென்டிவ் வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

பிறகு பில் வந்தது. பில்லின் அடியில் "மினிமம் டியூ" என்று சின்னதாக ஒரு தொகை இருக்கும். அதை மட்டும் கட்டினால் யாரும் திட்ட மாட்டார்கள். நான் அதை மட்டுமே கட்டிக்கொண்டு வந்தேன். மாசம் மூன்றரை சதவீத வட்டி என்பது எனக்கு ஆறு மாசம் கழித்துத்தான் உறைத்தது. போல்ட்டுக்குப் பத்து பைசா குறைக்கச் சொல்லி அரை மணி நேரம் வாதாடுகிற மனிதன் நான்!

பாக்கி ஒரு லட்சத்து பன்னிரண்டாயிரத்தைத் தொட்ட அன்று எனக்குத் தூக்கம் போயிற்று. போன் அடித்தால் பேரைப் பார்க்காமலே கட் பண்ணுவேன். நித்யா சாதாரணமாக "ஏனுங்க" என்று கூப்பிட்டாலே பில்லைச் சட்டைக்குள் ஒளிப்பேன். அப்போதுதான் ஆபீசில் ஒருவர் சொன்னார், ஒரு கார்டின் பாக்கியை இன்னொரு பேங்க் கார்டுக்குக் குறைந்த வட்டியில் மாற்றிக்கொள்ளலாம் என்று. விடுவேனா? மூன்று கொட்டேஷன் வாங்கினேன். ஒரு சின்ன நோட்டில் கோடு போட்டு எழுதினேன். முதல் கார்டில் வட்டியே இல்லை, ஆனால் மூன்று மாசம்தான். இரண்டாவதில் ஆறு மாசம், கொஞ்சம் வட்டி. மூன்றாவதில் ஒரு வருஷத் தவணை, மாற்றுவதற்கான கட்டணமும் அதிகம். போனில் பேசிய பெண்ணிடம் "ஏனுங்க, கட்டணத்துல ஒரு கால் பர்சன்ட் கொறைச்சுக்கலாமுங்களா? ரெகுலர் பார்ட்டிதானுங்க" என்றுகூடப் பேரம் பேசினேன். அவர் சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை.

குறைந்த கொட்டேஷன் எதுவோ அதற்குத்தான் ஆர்டர். முதல் கார்டுக்கு விண்ணப்பித்தேன்.

"வெரிபிகேஷனுக்கு ஆள் வருவாங்க சார்" என்றார் அந்தப் பெண்.

மொட்டை மாடிக்கு ஓடிப்போய், வாயைப் பொத்திக்கொண்டு கெஞ்சினேன். "ஆபீசுக்கு எத்தன பேர வேணாலும் அனுப்புங்க. ஊட்டுப் பக்கம் மட்டும் வந்துபோடாதீங்க. பொண்டாட்டிக்குத் தெரிஞ்சா அவ்வளவுதானுங்க!" அவரும் சரி என்றார். அந்தப் பக்கம் சரசக்கா மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை சாயங்காலம் வேலை விட்டு வந்ததிலிருந்து நித்யா என்னோடு பேசவில்லை. தட்டில் சோறு விழுந்தது, ரசம் விழுந்தது, வார்த்தை விழவில்லை. வெள்ளியும் அப்படியே. சனிக்கிழமை நானாக "தலைவலியா?" என்று கேட்டேன். அவள் பார்த்த பார்வையில் எனக்குத்தான் தலைவலி வந்தது. கார்டு விஷயம் தெரிந்துவிட்டது என்று உறுதியாயிற்று. அவளாகக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். (இதைத்தான் நான் அப்போது பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.)

ஞாயிறு காலை கறி வாங்கிக்கொண்டு மாடிப்படி ஏறினால், வாசலில் செருப்புகள். உள்ளே மாமனார், அத்தை, மச்சினன் பிரபு. தாராபுரத்திலிருந்து விடியக் கிளம்பி வந்திருக்கிறார்கள். ஒருவரும் "வாங்க" என்று சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம், கோர்ட்டில் கேஸ் போட்டவன் வந்தால்கூட முதலில் "வாங்க, தண்ணி குடிங்க" என்பார்கள், சண்டை அதற்கப்புறம்தான். என் சொந்த வீட்டில் எனக்கு அது கிடைக்கவில்லை.

"உக்காருங்க மாப்ள" என்றார் மாமனார். "நின்னுட்டுப் பேசற விசயமில்லீங்க இது."

கறிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் அடுத்த வார்த்தை பேசும்வரை என்னால் தாங்க முடியவில்லை.

"தெரிஞ்சு போச்சுங்களா மாமா?"

"தெரிஞ்சு போச்சுங்க."

"தப்புத்தானுங்க. ஒரு வருசமா நித்யாகிட்ட மறைச்சுபோட்டேன். விட்டுத் தொலைச்சுபோடலாம்னுதான் பாத்தேன், முடியலீங்க."

அத்தை "ஐயோ சாமீ!" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மாமனாரின் மீசை துடித்தது. ஆனால் மரியாதை குறையவில்லை.

"இது வேற யாருக்குங்க தெரியும்?"

"ஆபீசுல எல்லாருக்கும் தெரியுமுங்க. அங்க எல்லாருமே வச்சிருக்காங்க. மேனேஜரு மூணு வச்சிருக்காருங்க" என்றேன், குற்றத்தின் கனத்தைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று.

சமையலறை வாசலில் நின்றிருந்த நித்யா மூன்று நாளில் முதல்முறையாக வாயைத் திறந்தாள்.

"அவ பேரு என்ன?"

"எவ பேரு?"

பிரபு எழுந்து போய்க் கீழே இருந்து சரசக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தான். சாட்சி சொல்ல வந்தவர் மாதிரி அவர் நடு ஹாலில் நின்று சொன்னார்.

"வியாழக்கெழம பதினொரு மணி இருக்குங்க. பட்டுச்சீல கட்டின அம்மா ஒருத்தரு, கையில தாம்பூலப் பை. கூட ஒரு தம்பி, பைலு வச்சிருந்தான். மாடி ஊட்டுக்காரரு எத்தன வருசமா இருக்காரு, வேல நெரந்தரந்தானுங்களா, வாடக ஒழுங்கா வருதா, கல்யாணம் ஆயிருச்சுங்களான்னு ஒண்ணொண்ணாக் கேட்டான். நான் பாக்காத விசாரணைங்களா? எங்கிருந்து வாரீங்க கண்ணுன்னா, 'அதச் சொல்லக் கூடாதுங்கக்கா'ங்கறான். பொண்ணு ஊட்டுக்காரங்கதான் அப்படிச் சொல்லுவாங்க. கல்யாணம் ஆயி ரெண்டு வருசம் ஆச்சுங்னு சொன்னதும் அந்த அம்மா மூஞ்சி வாடிப் போச்சுங்க, பாவம்."

"அதுக்கு நீங்க என்னக்கா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"ஆளு எப்படீன்னு கேட்டான். இன்னிக்கு வரைக்கும் நல்லவருன்னுதான் நெனச்சேன், இனி நான் பொறுப்பு எடுத்துக்க முடியாதுன்னு சொல்லிப்போட்டேன். மொட்ட மாடியில நீங்க போன்ல கெஞ்சுனத நானே என் காதால கேட்டனே!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இவர்கள் கார்டைப் பற்றிப் பேசவில்லை. கல்யாணமானதை மறைத்து நான் இன்னொரு பெண் பார்க்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

யாராக இருந்தாலும் அந்த விநாடியே "ஐயையோ, அது பேங்க் ஆளுங்க!" என்று கத்தியிருப்பார்கள். நான் கத்தவில்லை. யோசித்தேன். ஆம், உட்கார்ந்து யோசித்தேன். உண்மையைச் சொன்னால் கடன் வெளியே வரும். பிரிட்ஜ் வெளியே வரும், இன்சென்டிவ் வெளியே வரும், அம்மா சொன்ன "ஒத்த ரூவா" வெளியே வரும். சொல்லாவிட்டால் பொண்டாட்டி போய்விடுவாள். இரண்டில் எதில் நஷ்டம் குறைவு என்று என் மூளை பர்ச்சேஸ் பிரிவு வழக்கப்படி ஒப்பிட ஆரம்பித்தது. கறிப் பையிலிருந்து ஈரம் என் வேட்டியில் இறங்கிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தபோது நித்யாவைப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கு உலகத்தில் இருந்த எல்லாப் பயமும் போய், ஒரே ஒரு பயம் மட்டும் மிச்சமிருந்தது.

"பொண்ணு இல்லீங்க, கார்டு!" என்று அலறினேன். "கிரெடிட் கார்டு! ஒரு லட்சத்து பன்னெண்டாயிரம்!"

யாரும் நம்பவில்லை. நோட்டை எடுத்துக் காட்டினேன். மாமனார் போனில் உறுதிப்படுத்தச் சொன்னார். பேங்க் அனுப்பிய மெசேஜில் வெரிபிகேஷன் தம்பியின் நம்பர் இருந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். "வாடிக்கையாளர் விவரம் வெளிய சொல்லக் கூடாதுங்க சார்" என்றான் அவன். நான்தான் அந்த வாடிக்கையாளர் என்று தொண்டை கிழியக் கத்தினேன். கடைசியில் கார்டு விசாரணைதான் என்று ஒத்துக்கொண்டான்; வீட்டு விலாசத்தையும் பார்த்தே ஆக வேண்டுமாம். பட்டுச்சேலைக்காரர் அவனுடைய அம்மாவாம். உக்கடம் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, பைக்கில் அம்மாவை வீட்டில் விடப் போகும் வழியில் எங்கள் வீட்டையும் முடித்துவிடலாம் என்று வந்திருக்கிறான். வெயிலில் அலைந்து அவர் முகம் வாடியிருந்தது, அவ்வளவுதான்.

ஹாலில் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

"அட, கடன்தானுங்களா!" என்று மாமனார் தொடையைத் தட்டினார். வாழ்நாள் முழுக்கக் கடனைத் தொடாத அந்த மனிதர், கடன் என்ற சொல்லை அவ்வளவு சந்தோஷமாகச் சொல்லி நான் அதற்கப்புறம் கேட்டதே இல்லை. அத்தை என் மடியிலிருந்த கறிப் பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். பிரபு மட்டும் தயங்கித் தயங்கி, "அப்ப எங்கூட்டு பிரிட்ஜு பேங்குக்காரனுதுங்களா மச்சான்?" என்று கேட்டான். "மேல் கதவு மட்டும் கட்டி முடிச்சிருக்கேன்" என்றேன். மாமனார் அந்தப் பணத்தைத் தானே கட்டிவிடுவதாகச் சொன்னார்.

"நீங்க சும்மா இருங்கப்பா" என்றாள் நித்யா. என் நோட்டை வாங்கிப் பார்த்தாள். "மூணு மாசம் வட்டி இல்ல, சரி. உங்க சம்பளத்துல மூணு மாசத்துல இத எப்படிக் கட்டுவீங்க? நாலாவது மாசம் பழைய வட்டிதானே வரும்?"

இந்தக் கேள்வியை நான் மூன்று பேங்கிடமும் கேட்டதில்லை. என்னிடமே கேட்டதில்லை.

அடுத்த வாரம் பேங்கிலிருந்து தகவல் வந்தது. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் திருப்தியான பதில் இல்லாததால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. குறைந்த கொட்டேஷன் சரசக்காவால் போயிற்று. நித்யா மூன்றாவது கார்டைத் தேர்ந்தெடுத்தாள். கட்டணம் அதிகம்தான், ஆனால் மாசத் தவணை எங்களால் கட்டக்கூடியதாக இருந்தது. இந்த முறை விசாரணைக்கு ஆள் வந்தபோது அவளே லீவு போட்டுவிட்டு வாசலில் நின்று பதில் சொன்னாள். ஒரு வருஷத்தில் பாக்கி தீர்ந்தது. பழைய கார்டைக் கத்தரிக்கோலால் அவளே நறுக்கினாள்.

இப்போது எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் பிரபு இந்தக் கதையை ஆரம்பித்துவிடுவான். "பொண்ணா கார்டான்னு கேட்டா மச்சான் யோசிக்கறாருங்க!" முதலில் அவன் கதையில் நான் அரை நிமிஷம் யோசித்தேன். பிறகு அது ஐந்து நிமிஷமாயிற்று. போன மாசம் பொள்ளாச்சியில் ஒரு பந்தியில் அவன் சொன்னபோது, நான் யோசித்து முடிப்பதற்குள் அத்தை போய் டீ போட்டுக்கொண்டு வந்துவிட்டாராம். பந்தியே சிரித்தது. நித்யாவும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தாள்.

ஆனால் "யோசிக்கறாருங்க" என்ற அந்த இடம் வரும்போது மட்டும் அவள் சிரிப்பு ஒரு நொடி நிற்கும், என் முகத்தைப் பார்ப்பாள். மாமனாரிடமும் பேங்கிடமும் எனக்கு இப்போது பயமில்லை. அந்த ஒரு நொடிக்கு மட்டும் இன்றைக்கும் பயப்படுகிறேன்.