மூவாயிரம் றாத்தல் வேட்டு

‘தெரியாது’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த நோய் பத்தொன்பது வயதில் நன்றாக முற்றியிருந்தது. டிக்கோயாவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எஸ்.எஸ்.சி. தேறியவள் நான் ஒருத்திதான். (அதை நான் சொல்லாத ஆள் அங்கே மிச்சமில்லை.)

அந்த வருடம் ரோட்டுக்காகப் பாறையடியில், தரையோடு வெடிமருந்தை வைத்து வேட்டுப் போட்டார்கள். எங்கள் வீட்டுச் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்து மழை உள்ளே வந்தது. கட்டித்தரும்படி அம்மா கேட்டதற்கு, ஐந்து றாத்தல் மருந்துக்கெல்லாம் சுவர் பிளக்காது என்று பெரிய கிளாக்கர் சொல்லிவிட்டார். விட்டேனா! எத்தனை றாத்தல் என்று நானே கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பினேன்.

வழி ஒரு பழைய இங்கிலீஷ் பத்திரிகையில் இருந்தது. தேயிலைப் பெட்டிப் பலகையில் பெரிதும் சிறிதுமாக ஏழு ஓட்டை போட்டு, மேலே மெல்லிய தாள் ஒட்டவேண்டும். வேட்டுக்காற்று அடித்தால் பெரிய ஓட்டைத் தாள் சுலபமாகக் கிழியும். சின்னது கிழிய அழுத்தம் அதிகம் வேண்டும். அழுத்தமும் தூரமும் தெரிந்தால் மருந்தின் பலம் தெரிந்துவிடும். பசைக்கு அம்மாவின் ரொட்டி மாவைக் காய்ச்சினேன். (அன்றைக்கு எல்லோருக்கும் ஒரு ரொட்டி குறைந்தது.)

மறுநாள் அடுத்த வேட்டுக்கு விசில் ஊதி எங்களை லயத்தைவிட்டு அப்புறப்படுத்தினார்கள். பலகை மட்டும் வாசலில் பாறையைப் பார்த்து நின்றது. வேட்டு முடிந்து ஓடிவந்து பார்த்தால், ஏழும் கிழிந்து கிடந்தன! கணக்குப் போட்டேன். தரையும் காற்றைத் திருப்பி மேலே தள்ளும் என்பதால், விடையைப் பெருந்தன்மையாகப் பாதியாக்கினேன். அப்படியும் மூவாயிரம் றாத்தல் வந்தது.

வேட்டுப் பார்க்க வந்திருந்த தோட்டத்துத் துரையிடம், லயமே கூடிநிற்க, கணக்கை நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், இங்கிலீஷில் ஏதோ சொன்னார். கிளாக்கர் அதை எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார்.

“மூவாயிரம் றாத்தலுக்கே விழாத சுவராம். இன்னும் அம்பது வருசம் நிக்குமாம். ரிப்பேர் வேணாம்னு தொரை சொல்றாரு.”

அம்மா என் கையைக் கிள்ளினார். பலகையடியில் எங்கள் செவலைக் கோழி, அலகில் தாள் ஒட்டியிருக்க, ஏழாவது ஓட்டையில் மிச்சமிருந்த பசையைக் கொத்திக்கொண்டிருந்தது.

“அடியே, தொரை போறதுக்குள்ள சொல்லிரு. மறுபடி கேக்கவாவது முடியும்.”

சொல்லவில்லை. எஸ்.எஸ்.சி. தேறியவள் கோழியிடம் ஏமாந்தேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? துரை போய்விட்டார். அதற்குப் பிறகு பதினோரு மழைக்காலம் அம்மா அந்தப் பிளவில் சாக்கைச் சொருகினார். சொருகும்போதெல்லாம், “மூவாயிரம் றாத்தலுக்கே நின்ன சுவரு” என்பார். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கம்தான்.

இப்போதும் ஒரு விசேஷத்துக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று நான் கணக்குச் சொன்னால் போதும், என் மகள் தலையைக்கூடத் தூக்காமல் கேட்பாள்:

“கோழிய விசாரிச்சீங்களாம்மா?”