வீடு நகர்ந்த செலவு

குளுவாங்
9 ஆகஸ்டு 1934

மரியாதைக்குரிய தங்கராஜு மாமாவுக்கு, செல்வராணி வணங்கி எழுதுவது. நடந்ததை நடந்தபடியே, ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் எழுதப் போகிறேன். இங்கு அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். வீடும் நலம், ஆனால் வேறு இடத்தில் இருக்கிறது.

புது ரோட்டுக்காக வீட்டை நகர்த்திய செலவை அரசாங்கம் கொடுக்கும், விவரம் எழுதினால் இங்கிலீஷில் மனு எழுதித் தருகிறேன் என்று நீங்கள் சிங்கப்பூரிலிருந்து எழுதியிருந்தீர்கள். அந்தப் பணம் வந்தால் என்னை ஜொகூர் பாருவில் விடுதியோடு கூடிய பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து அவரே சொல்கிறார்: "எழுதுடி. கூலி ஆளு நாப்பது பேரு, ஆளுக்கு ஒரு வெள்ளி. மாட்டு வண்டி ஆறு." அம்மா அடுப்படியிலிருந்து, "எந்த மாடு? நான் பாக்கலையே" என்கிறாள். நானும் பார்க்கவில்லை, மாமா.

நடந்தது இதுதான். ரோட்டு ஆபீஸ்காரர்கள் நம் வாசலில் சிவப்பு முளை அடித்துவிட்டுப் போன மறுவாரம், பக்கத்து மலாய்க் கிராமத்து பாக் சாலே நாற்பது பேரோடு வந்து, வீட்டைப் பிரிக்கவே வேண்டாம் என்று சொல்லி, வீட்டின் மரக்கால்களை அடிக்கல்லிலிருந்து கிளப்பி, அடியில் மூங்கில்களைக் கட்டினார். அம்மாவை இறங்கச் சொன்னார்கள். "ஒலை கொதிக்குது, எப்படி எறங்குறது?" என்றாள். சத்து, டுவா, தீகா என்று மலாயில் மூன்று எண்ணியதும் வீடு எழுந்து நடந்தது. இதுவரை ரயிலில்கூட ஏறாத அம்மா, மீன் குழம்புச் சட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்தபடி போனாள். அப்பா முன்னால் ஓடி, "மெதுவா, மெதுவா" என்று தமிழில் கத்தினார். அவர்கள் மலாயில் சிரித்தார்கள். புது இடத்துக்கு வந்தபோது எல்லோருக்கும் கை ஓய்ந்துவிட்டதால் வாசலைத் திருப்பாமலே இறக்கிவிட்டார்கள். இப்போது அடுப்படிதான் ஊர்ப் பாதையைப் பார்த்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் அம்மிக்குப் பக்கத்தில்தான் செருப்பை விடுகிறார்கள்.

அப்பா கூலி கொடுக்கப் போனார். பாக் சாலே வாங்கவில்லை. சரி, நாற்பது வெள்ளி பெற்றுக்கொண்டதாக ஒரு ரசீதில் கைநாட்டு மட்டும் வையுங்கள் என்றார் அப்பா. அந்த ரசீதை எழுதியது நான்தான், அதையும் மறைக்கவில்லை. பாக் சாலே மலாயில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "வீரமுத்து, நாளைக்கு என் வீட்டைத் தூக்க நீ வரமாட்டியா? அப்ப நானும் ரசீது நீட்டட்டுமா?" அப்பா ரசீதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் அம்மா அதைக் கிழித்து அடுப்பு மூட்டினாள்.

ஆகவே செலவு: ஒரு அண்டா சோறு, மீன் குழம்பு, இரண்டு தடவை காப்பி. ரசீது இல்லை.

வேறொரு செலவும் உண்டு, அதை மனுவில் எப்படி எழுதுவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். என் ஜன்னல் அதே ஜன்னல்தான். நீங்கள் பென்சிலால் என் உயரத்தைக் குறித்த கோடுகள்கூட அப்படியே இருக்கின்றன. ஆனால் பழைய இடத்தில் அதன் வழியாகக் காலை ரயில் தெரியும். அது வளைவில் திரும்பும்போது நான் சடை பின்னி முடித்திருக்க வேண்டும். இப்போது பாக் சாலேயின் ஆட்டுக்கொட்டகை தெரிகிறது. ஆடுகளுக்கு நேரம் தெரியாது. பள்ளிக்கு மூன்று முறை தாமதம். நேற்று பழைய இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். எட்டுக் கற்கள் இருந்த இடத்தில் எட்டுப் பள்ளங்கள், எட்டிலும் மழைத் தண்ணீர். அடுப்படி இருந்த இடத்தில் நின்று பார்த்தேன், மிகவும் சிறியதாக இருந்தது. நீங்கள் ஊஞ்சல் கட்டிய ஜம்பு மரத்தில் வெட்டுவதற்காகச் சிவப்புச் சாயம் பூசியிருக்கிறார்கள். அதற்கு ஒரு விலை உண்டென்றால் தயவுசெய்து போட்டுக்கொள்ளுங்கள்.

அத்தைக்கும் குழந்தைகளுக்கும் என் அன்பு. உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
செல்வராணி

பி.கு. மாமா, மேலே எழுதிய எதையும் மனுவில் சேர்க்க வேண்டாம். இன்று சாயங்காலம் ரோட்டு ஆபீஸ்காரர் வந்தார். பழைய இடத்தில் சதுப்பு அதிகமாம், அதனால் ரோட்டை இந்தப் பக்கம் தள்ளிவிட்டார்களாம். புது முளை எங்கள் அம்மிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜம்பு மரத்தை வெட்டமாட்டார்கள். நாங்கள் பழைய எட்டுப் பள்ளத்துக்கே திரும்பிப் போகிறோம். என் ரயில் எனக்குக் கிடைத்துவிடும், ஜொகூர் பாரு பள்ளிக்கூடம் கிடைக்குமா என்றுதான் தெரியவில்லை. "இந்தத் தடவ எல்லாத்துக்கும் ரசீது வாங்கிப்புடணும்" என்று அப்பா சொல்லி முடிப்பதற்குள், பாக் சாலே மூங்கில் வெட்டும் சத்தம் கேட்டது. "போயி வாங்கிட்டு வாங்க" என்றாள் அம்மா. அப்பா போகவில்லை. இவ்வளவு நேரம் எழுதி நான் எரித்த மண்ணெண்ணெய்க்கும் ரசீது கிடையாது என்று சொல்லி விளக்கை அணைக்க வந்துவிட்டார்.