ஏழாம் நம்பர், ஓக்கே!

உலகத்தில் பிறந்த அத்தனை பேரும் முதல் ஆளாக வரத்தான் முண்டியடிக்கிறார்கள். ஏழாவது ஆளாக வருவதற்காகவே ஒரு மனிதர் ஆயுள் முழுக்கப் பாடுபட்டார் என்றால் நம்புவீர்களா? அவர் எங்கள் ரங்கூனில், தின்கன்ஜூன் சந்தை வாசலில் குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். ஒரு சாக்கை விரித்து, கம்பி, ஊசி, நூல், உடைந்த குடைக் கைப்பிடிகள் எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருப்பார். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. தமிழர்களுக்கு அவர் ஏழாம் நம்பர். பர்மியர்களுக்கு ஊ குன்னிட். ஊ என்றால் பெரியவர், குன்னிட் என்றால் ஏழு.

எங்கே வரிசையைக் கண்டாலும் நின்று, தலைகளை விரலால் எண்ணுவார். ஆறு தலை இருந்தால் போய் ஒட்டிக்கொள்வார். நான்குதான் இருந்தால் பின்னால் வருகிற இரண்டு பேரைக் கையைப் பிடித்து இழுத்து, "போங்க, போங்க, நீங்க முன்னாடி போங்க" என்று தள்ளிவிடுவார். கோயில் அன்னதானத்தில் அவருக்கு முன்னால் நிற்க இடம் கிடைத்தவர்கள் அவரை தர்மப் பிரபு என்று நினைத்தார்கள். சவரக் கடையில்தான் கஷ்டம். எங்கள் தெருக் கடைக்கு ஒரு நாளைக்கு ஆறு பேர் வந்தாலே பெரிய விஷயம். காலையில் போய் பெஞ்சில் உட்காருபவர் மாலையில் முடி வெட்டிக்கொண்டு திரும்புவார். மழைக்காலத்தில் ஆறு பேர் சேரவே மாட்டார்கள். மழை முடிந்து வெயில் வரும்போது மனிதர் இமயமலையிலிருந்து இறங்கி வந்த மாதிரி சடையும் தாடியுமாக இருப்பார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. வரிசையில் முன்னால் நிற்பவர் யாராக இருந்தாலும், தோளில் தொங்கும் பையின் வாரை வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பார். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் மீனாட்சி டீச்சர் மாட்டினார். வார் அறுந்து கையோடு வந்துவிட்டது. இரண்டு வீசை தக்காளி ரோட்டில் உருண்டு ஓடியது.

"என்னய்யா பண்ணித் தொலைச்சீரு!"

"இங்க அறுந்துச்சு, தக்காளியோட போச்சு. மேல போயி அறுந்திருந்தா?"

"மேலேன்னா எங்கய்யா?"

"ஆயிரம் அடிக்கு மேல, டீச்சர்."

"நான் பஸ்ஸுல வீட்டுக்குப் போறவய்யா!"

ஆனால் அங்கேயே உட்கார்ந்து, குடை தைக்கிற நூலால் அந்த வாரைத் தைத்துக் கொடுத்தார். டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை அந்தப் பை தாங்கியது.

இந்தப் பைத்தியக்காரத்தனத்துக்கெல்லாம் அவர் சொல்லும் காரணம் இதுதான். ஜப்பான்காரன் ரங்கூனுக்கு வந்த சமயம் கால்நடையாகவே இந்தியா போன கூட்டத்தில் இவரும் ஒருவர். அங்கே பட்டாளத்தில் சேர்ந்தார். பாலங்களுக்கு வெடி வைக்கிற பிரிவில் போட்டார்கள். கப்பலேற்றி இத்தாலிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பாலத்தைத் தகர்க்க ஏழு பேரை பாராசூட் கட்டி விமானத்திலிருந்து குதிக்க விட்டார்கள். அந்த ஏழு பேரில் ஏழாவது ஆள் இவர்.

"குதிக்கிறதுக்கு முன்னாடி வரிசையா நிப்போம் வாத்தியாரே" என்று என்னிடம் விளக்குவார். நான் அப்போது அந்தத் தெருவில் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். "ஒவ்வொருத்தனும் முன்னால இருக்கறவன் முதுகுல வாரெல்லாம் சரியா இருக்கான்னு இழுத்துப் பாக்கணும். அப்புறம் கடைசி ஆளு நம்பரக் கத்தி, முன்னால உள்ளவன் தோளத் தட்டணும். செவன், ஓக்கே! அவன் கத்துவான், சிக்ஸ், ஓக்கே! அப்படியே முதல் ஆளுவரைக்கும் போவும். பச்சை லைட்டு எரிஞ்சதும் கடகடன்னு குதிக்க வேண்டியதுதான். நான் ஆரம்பிக்கலைன்னா அந்தப் பிளேன்ல ஒருத்தனும் குதிக்க முடியாது, தெரியுமா?"

குதித்தவர் பாலத்துக்குப் பக்கத்தில் விழவில்லை. ஒரு கோழிக் கூண்டின் மேல் விழுந்தார். வீட்டுக்கார அம்மாள் கரண்டியோடு ஓடிவந்து நாலு சாத்து சாத்தினாள். பிறகு ஆளைப் பார்த்து இரக்கப்பட்டு, அந்த ஊர் கௌஸ்வே போட்டுக் கொடுத்தாள். நம் ஊர் நூடுல்ஸ் மாதிரியேதான், தக்காளிதான் கொஞ்சம் தூக்கல் என்பார். கதை ஒன்றுதான் என்றாலும் எண்ணிக்கை நிலையாக நிற்காது. கோழிகள் பன்னிரண்டில் தொடங்கி அறுபது வரை பெருகின. குதித்த உயரமும் வருஷத்துக்கு நூறு அடி ஏறிக்கொண்டே போனது.

இந்தக் கதைக்கு ஒரு பரம எதிரி இருந்தார். ஹவில்தார் சின்னையா. இங்கே பர்மாக் காட்டிலேயே சண்டை போட்டு, தொடையில் குண்டு வாங்கி, மெடல்களை பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தவர். எங்கள் வட்டாரத்துப் பழைய பட்டாளத்துக்காரர்களின் பட்டியல் அவர் கையில் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை கல்யாண மண்டபத்தில் அவர்களை நாற்காலி போட்டு உட்கார வைத்து, மாலை மரியாதை செய்து, தேநீர் கொடுப்பார்கள். ஏழாம் நம்பருக்கு வாழ்க்கையில் ஆசை என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். பட்டியலில் ஒரு பெயர், அந்த வரிசையில் ஒரு நாற்காலி. வருஷா வருஷம் டீக்கடையில் இந்த வழக்கு நடக்கும்.

"காகிதம் இருக்காய்யா?" என்பார் ஹவில்தார்.

"கறையான் தின்னுடுச்சு அண்ணே."

"நல்ல கறையான்யா! என் காகிதத்தத் தொடல. ஒன்னோடத மட்டும் தேடிப் புடிச்சுத் தின்னிருக்கு. குடை தைக்கிறவன் பாராசூட்டுல குதிச்சேன்னு சொன்னா எவன் நம்புவான்? பட்டன் வச்ச குடையா, பட்டன் இல்லாததா?"

கடையே சிரிக்கும். நானும் சிரித்தேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

ஒரு வருஷம் வெளிநாட்டிலிருந்து ஆறு கிழவர்கள் ரங்கூனுக்கு வருவதாகத் தகவல் வந்தது. ஆறு பேரும் அந்த யுத்தத்தில் ஐரோப்பாவில் பாராசூட்டில் குதித்தவர்கள். அவர்களில் ஒருவருடைய அண்ணன் பர்மாவில் சண்டை போட்டுச் செத்து, நகரத்துக்கு வெளியே உள்ள யுத்தக் கல்லறையில் கிடக்கிறார். அவருக்கு மலர்வளையம் வைக்கத்தான் அந்தப் பயணம். நண்பன் தனியாகப் போகக்கூடாது என்று மற்ற ஐவரும் கூட வந்தார்களாம். வந்த இடத்தில் எங்கள் பட்டாளத்துக்காரர்களையும் பார்க்க விரும்பினார்கள். மண்டபத்தில் வரவேற்பு. பேச்சை மொழிபெயர்க்கவும், நாற்காலிக்குப் பெயர்ப் பட்டியல் எழுதவும் நான்.

சந்தை வாசலில் ஏழாம் நம்பர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரே, பேரெல்லாம் எழுதியாச்சா?"

"ஆச்சு மாமா."

"எத்தனை பேரு?"

"ஒன்பது."

என் முகத்தைப் பார்த்தார். பத்தாவதாக ஒரு பெயரை நானாக எழுதியிருக்கலாம். ஹவில்தாரோடு எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன். அவர்தான் என்னைத் தேற்றினார்.

"யாபாடே, பரவால்ல. மழை விடற மாதிரி தெரியல. வர்றவங்க குடைய வாங்கி வைக்க வாசல்ல ஒரு ஆளு வேணும்ல? நான் நின்னுக்கறேன்."

அன்று காலையிலிருந்தே தூறல். மண்டபத்துக் கதவு மழையில் ஊறி, ஒரு பக்கம் திறக்கவே இல்லை. ஒரு ஆள் நுழையத்தான் வழி. வரவேற்புக் குழுத் தலைவரோ ஒவ்வொருவருக்கும் வாசலிலேயே மாலை போட்டு, சந்தனம் பூசி, வெற்றிலை கொடுத்துத்தான் உள்ளே விடுவது என்று பிடிவாதமாக இருந்தார். உள்ளே ஹவில்தார் மெடல்கள் குலுங்க வெற்றிலைத் தட்டோடு நின்றார். பக்கத்தில் நான். வெளியே ஆறு வெள்ளைக்காரக் கிழவர்கள், ஒருவர் பின்னால் ஒருவராக, இடுக்குக் கதவுக்கு முன்னால் வரிசை கட்டி நின்றார்கள். முதல் ஆள் காதில் கருவி மாட்டிய நெட்டையர். கடைசி ஆள் கைத்தடிக்காரர், தோளில் துணிப்பை. அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு ஏழாம் நம்பர்.

அவர் விரல் அசைந்ததை நான் பார்த்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு.

குடையை மடக்கினார். ஓரமாக வைத்தார். கைத்தடிக்காரருக்குப் பின்னால் போய் நின்று, துணிப்பையின் வாரை வெடுக்கென்று இழுத்தார். "போச்சு, மானம் போச்சு" என்று ஹவில்தார் முனகினார். அடுத்த நொடி, சந்தை வரைக்கும் கேட்கிற மாதிரி ஒரு சத்தம்.

"செவன், ஓக்கே!"

தோளில் பொத்தென்று ஒரு தட்டு.

கைத்தடிக்காரர் திரும்பிப் பார்க்கவில்லை. கூன் விழுந்திருந்த முதுகு தானாக நிமிர்ந்தது. தடியை இடது கைக்கு மாற்றி, முன்னால் நின்றவர் முதுகைத் தடவிப் பார்த்து, தோளில் அடித்தார்.

"சிக்ஸ், ஓக்கே!"

"ஃபைவ், ஓக்கே!"

"ஃபோர், ஓக்கே!"

"த்ரீ, ஓக்கே!"

"டூ, ஓக்கே!"

காது கேட்காத நெட்டையருக்குத் தோளில் தட்டு விழுந்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. "ஒன், ஓக்கே!" என்று கர்ஜித்தார். இடது காலை எடுத்து வாசற்படியில் வைத்து, கதவின் இரண்டு பக்கமும் கையை ஊன்றி, அப்படியே நின்றுவிட்டார். யாரும் நகரவில்லை. தலைவர் மாலையைத் தூக்கிப் பிடித்தபடி சிலையாகிவிட்டார். ஏழு கிழவர்களும் எதற்கோ காத்துக்கொண்டு நிற்கிறார்கள்.

பின்னாலிருந்து ஏழாம் நம்பர் கத்தினார்.

"யோவ் ஹவில்தாரு! என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கறே? பச்சையக் காட்டுய்யா!"

முப்பது வருஷமாக அந்த மனிதரை விரட்டிய ஹவில்தார், ஏன் எதற்கு என்று கேட்காமல், தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து உயரத் தூக்கிக் காட்டினார்.

"கோ!"

கிழவர்களா அவர்கள்? ஒருவர் முதுகை ஒருவர் இடித்துக்கொண்டு, தரையில் காலைத் தேய்த்துத் தேய்த்து, தடதடவென்று ஏழு பேரும் உள்ளே பாய்ந்தார்கள். மாலையோடு தலைவர் பின்னால் சாய்ந்து, சந்தனக் கிண்ணத்தின் மேல் உட்கார்ந்தார். நெட்டையர் மண்டபத்தின் நடுவில் நின்று சிரிக்க ஆரம்பித்தார். கைத்தடிக்காரர் திரும்பி, ஏழாம் நம்பரின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார். எங்கே குதித்தாய்?

"இட்டாலி!" என்றார் இவர். "யூ?"

"ஹாலண்ட்!"

அதன்பிறகு என் மொழிபெயர்ப்பு யாருக்கும் தேவைப்படவில்லை. ஹாலண்டில் கைத்தடிக்காரர் வாய்க்காலில் விழுந்தார். நெட்டையர் பிரான்ஸில் பன்றித் தொழுவத்தில் விழுந்து, விடியும்வரை பன்றிகளோடு படுத்திருந்தார். ஏழாம் நம்பர் கையை இறக்கை மாதிரி அடித்துக்கொண்டு கொக்கரித்துக் காட்டியதும் கோழிக் கூண்டு எல்லோருக்கும் புரிந்தது. அன்று கோழிகள் பன்னிரண்டுதான். விஷயம் தெரிந்தவர்கள் முன்னால் மனிதருக்குப் பெருக்கிச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

கைத்தடிக்காரர், ஏன் எப்போதும் ஏழு என்று என் மூலமாகக் கேட்டார். ஏழாம் நம்பர் என் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்க வாத்தியாரே. எனக்கு உயிர் போற பயம். முன்னால ஆறு பேரு குதிச்சதப் பாத்துத்தான் நானும் குதிச்சேன். முதல் ஆளா நிறுத்தியிருந்தா, இன்னைக்கும் அந்தப் பிளேன்லதான் உக்காந்திருப்பேன். ஆறு பேரு முன்னால நின்னா எனக்குத் தைரியம், அவ்வளவுதான்."

நான் சொல்லி முடித்ததும் ஆறு பேரும் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நெட்டையர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் யாருமே இல்லையப்பா, அதனால்தான் ஒருவன் என்னைத் தள்ளிவிட்டான் என்றார்.

ஹவில்தார் எழுந்தார். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து, ஆறு பேருக்கு அடுத்ததாகப் போட்டார்.

"உக்காருய்யா."

"நீங்க அண்ணே?"

"நான் நின்னுக்கறேன். உக்காருன்னா உக்காரு."

ஏழாம் நம்பர் உட்கார்ந்தார். நாற்காலியின் கைகளை இரண்டு தரம் தடவிப் பார்த்தார். மண்டபம் முழுக்கக் கை தட்டியது. எனக்கு அழுகை வந்தது. நான் பாட்டுக்கு அழுதேன்.

பட்டியலை எடுத்துப் பத்தாவதாக அவர் பெயரை எழுதப் போனேன். ஹவில்தார் என் கையைப் பிடித்தார். "பத்தா? புத்தி இருக்கா வாத்தியாரே? புதுத் தாளு எடுங்க, எல்லாத்தையும் மாத்தி எழுதுங்க. ஏழுல போடுங்க." போட்டேன். மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் ஏழாம் நம்பர் வந்து நின்றதும், முன்னால் நின்ற ஆறு பேரும் மீனாட்சி டீச்சர் உள்பட வரிசையாக நம்பர் சொன்னார்கள். எந்த நிறுத்தத்துக்கு எத்தனை டிக்கெட் என்று புரியாமல் கண்டக்டர் விழித்தார்.

ஏழாம் நம்பர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஹவில்தாரும் போய்விட்டார். எனக்கும் தலை நரைத்துவிட்டது. இன்றைக்கும் ஆற்றைத் தாண்டுகிற டாலா படகுக்கோ, எண்ணெய்க் கடையிலோ நிற்கும்போது என் விரல் தானாக முன்னால் உள்ள தலைகளை எண்ணுகிறது. ஆறு பேர் இருந்தால், அவர்களுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு நிற்பேன். போன வாரம் பின்னாலிருந்த ஒரு பெண் பொறுமையிழந்து கேட்டாள்.

"மாமா, முன்னாடி போங்களேன். காலியாத்தானே இருக்கு?"

"இல்லம்மா" என்றேன். "அங்க ஆள் இருக்கு."