எல்லோரும் வந்திருந்த வகுப்பு

"ஏங்கண்ணு, யாராச்சும் லைன்ல இருக்கீங்களா?"

லேப்டாப் திரையில் கறுப்புக் கறுப்பாகப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர். ஒன்றிலும் மூச்சுப் பேச்சில்லை. மற்ற நாளென்றால் யாழினி சுவரோடு பேசுவதாக நினைத்துப் பாடம் நடத்திவிட்டு எழுந்து போயிருப்பாள். இன்று பாழாய்ப்போன அந்த வரிசையில் 'டீன்' என்றும் ஒரு பெட்டி இருந்தது. காலேஜ் டீன் வெள்ளியங்கிரி வகுப்பைக் கவனித்து நாலு நல்ல வார்த்தை சொன்னால்தான் அடுத்த வருஷமும் அவளுக்கு வேலை. இல்லையென்றால் பெரியப்பாவின் பனியன் கம்பெனியில் நூல் பிசிறு வெட்டப் போக வேண்டியதுதான். "எம்.பி.ஏ. படிச்ச புள்ள பிசிறு வெட்டுது பாரு" என்று மங்கலம் ஊரே பேசும்.

சூழலைக் கெடுக்காமல் தொழில் தொடங்குவது எப்படி என்பது பாடம். மாணவர்கள் அத்தனை பேரும் வேலம்பாளையத்தில் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள். ஷிப்ட் முடிந்து ஹாஸ்டலிலிருந்து வகுப்புக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு.

"கட்டிங் வேஸ்ட் துணியை வெச்சு என்ன தொழில் பண்ணலாம்? நித்தீஷ், நீ சொல்லு கண்ணு."

பத்து வரை எண்ணிப் பார்த்துவிட்டு யாழினி கேள்வியை மாற்றினாள்.

"செரி, புரிஞ்சவங்க கட்டைவிரலாச்சும் காட்டுங்க."

ஒவ்வொரு பெட்டியாக, சாவகாசமாக, மஞ்சள் கட்டைவிரல் முளைத்தது. கடைசியில் டீன் பெட்டியிலும் ஒன்று! யாழினிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். ஆசை யாரை விட்டது?

"புரியாதவங்க இருந்தா கை தூக்குங்க!"

அதே வரிசையில் அத்தனை கைகளும் எழுந்தன. டீன் கையும்தான்.

'சோலி முடிஞ்சுது' என்று நினைத்தவள், பதற்றத்தில், "எல்லாரும் கேமராவைப் போடுங்க! மைக்கையும் போடுங்க!" என்று கத்தினாள்.

திறந்த கேமராக்களிலெல்லாம் ஒரே தகரக் கூரை, ஒரே ஃபேன். பிறகு எல்லாவற்றிலும் ஒரே மீசை எட்டிப் பார்த்தது. மைக்குகள் சேர்ந்துகொண்டு வீலென்று அலறின. டீன் பெட்டி மட்டும் கறுப்பாகவே இருந்தது. பெரிய மனுஷர், கோபத்தை முகத்தில் காட்ட விரும்பவில்லை போலும்.

"யாருங்க நீங்க?"

"செக்யூரிட்டி ராக்கையா, தாயி. கம்பெனிக்குள்ள போன் கொண்டுபோகக் கூடாதுல்ல, கேட்டுல எங்கிட்டக் குடுத்துட்டுப் போயிருவாக. ஷிப்மென்ட் அவசரம், பிள்ளைகளுக்கு ஓவர்டைம். மிஸ்ஸு என்ன கேட்டாலும் பட்டனை அமுக்கி விடுங்கன்னு சொல்லிருக்காக."

"எத்தனை நாளாங்க?"

"கிளாஸு ஆரம்பிச்சதுல இருந்தே."

அப்படியென்றால், வருஷம் பூராவும் தொண்டை வறளப் பாடம் நடத்தியது ஒரு வாட்ச்மேன் மேஜைக்கு.

"அண்ணா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், மைக்கை அமத்துங்க. டீன் சார் எல்லாத்தையும் கேட்டுட்டு இருக்காருங்க. எம் பொழப்பே போயிருமுங்க!"

ராக்கையா மேஜையில் எதையோ தேடி எடுத்தார். டீன் பெட்டியும் வெளிச்சமானது. அதிலும் அதே மீசை.

"வெள்ளியங்கிரி சாரா? காலேஜை மூடப்போறாகளாம்ல தாயி, சூப்பர்வைசர் வேலைக்கு உள்ள இன்டர்வியூல உக்காந்திருக்காக."