கொம்பில்லாத கரப்பான்கள்

கூச்ச சுபாவக்காரர்களிடம் ஒரு கோளாறு உண்டு. தெரியாததை யாரிடமும் கேட்க மாட்டோம். நாமே ஒரு முடிவுக்கு வந்து, அதை உடும்பு மாதிரி பிடித்துக்கொள்வோம். விளாங்குடியில் நான் கரப்பானுக்கு இனம் பார்த்த கதை அப்படித்தான்.

இது அடுப்படிக் கரப்பான் இல்லை, மடகாஸ்கர் கரப்பான். கட்டைவிரலைவிடப் பெரியது, இறக்கை கிடையாது, தொட்டால் 'உஸ்' என்று சீறும். மற்றபடி சாது. (உங்களை மாதிரியே என்பாள் என் மனைவி செல்வி. நான் சீறுவதுகூட இல்லை.) மதுரையில் ஒருவரிடமும் கோயம்புத்தூரில் ஒருவரிடமும் வாங்கி ஒரே பெட்டியில் விட்டேன். இரண்டும் வேறு வேறு வகை, சேர்ந்தால் கலப்புக் குட்டி வரும் என்பது பிறகுதான் தெரிந்தது. அதற்குள் வீட்டில் பெட்டிக்கு மேல் பெட்டி.

செல்வி கறாராகச் சொல்லிவிட்டாள்.

"ஒரு பெட்டிதான் இந்த வீட்டுல இருக்கும். சுத்த இனமாப் பாத்து வச்சுக்கங்க. கலப்பெல்லாம் வெளிய போகணும்."

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, மாட்டுத் தரகரான அப்பாவோடு சந்தை சந்தையாகச் சுற்றியவன். நாட்டு மாட்டில் பசுவுக்கும் கொம்பு உண்டு, கலப்பில்தான் சிறுத்துப்போகும். கரப்பான்களை உற்றுப் பார்த்தேன். சிலவற்றுக்குத் தலைப்பக்கம் கொம்பு மாதிரி இரண்டு புடைப்பு. மற்றவை மொழுக்கென்று இருந்தன. அப்புறம் என்ன? கொம்புள்ளது சுத்தம், மொட்டை கலப்பு. ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பிரித்தேன். மொட்டைகளை மச்சினன் சேகரிடம் கொடுத்தேன். திருமங்கலத்தில் அவன் ஒரு அரவானா மீன் வளர்க்கிறான். அதற்குக் கரப்பான் என்றால் விருந்து.

வீட்டில் மிஞ்சியவை ஓயாமல் சீறின, கொம்போடு கொம்பு முட்டின. ஜல்லிக்கட்டு ரத்தம் என்று பூரித்துப்போனேன். மாதங்கள் கடந்தும் குட்டி இல்லை. நல்ல இனம் நிதானமாகத்தான் ஈனும் என்று செல்வியிடம் அடித்துச் சொன்னேன்.

அந்தச் சமயம் செல்லப்பிராணி வளர்ப்பவர்கள் மதுரையில் ஒரு மண்டபத்தில் கூடினார்கள். செல்வி, சேகர் சகிதம் போய், மேசையில் பெட்டியை வைத்து, 'சுத்த இனம்' என்று அட்டையும் மாட்டினேன். பூச்சி வளர்ப்பில் பழகிய ஒரு பெண் மூடியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார். எனக்குச் சங்கடம் வேண்டாமென்று குரலைத் தணித்துக்கொண்டார்.

"அண்ணே, அம்புட்டும் ஆம்பளையா இருக்கு. கொம்பு ஆணுக்குத்தாண்ணே வரும். பொட்டையெல்லாம் எங்க?"

"எங்க வீட்டு மீனு வயித்துலக்கா" என்றான் சேகர். அவனுக்குத் தணிந்த குரல் கிடையாது. மண்டபமே திரும்பிப் பார்த்தது.

சுத்தமா கலப்பா என்பதையும் வெறும் கண்ணால் பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாதாம். எங்கிருந்து வந்தது, எதோடு சேர்ந்தது என்று தெரிந்திருக்க வேண்டுமாம். அட்டையைக் கழற்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

சாப்பிடாமல்கூட சேகரை இழுத்துக்கொண்டு திருமங்கலம் பஸ் ஏறினேன். பெண் ஒன்றுகூட மிஞ்சாவிட்டால் என் கூட்டம் என்னோடு முடிந்தது. அவன் வீட்டுப் பெட்டியில் கரப்பான்கள் ஒளிந்துகொள்ளப் போட்டிருந்த முட்டை அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். கடைசி அட்டைக்கு அடியில் சில மொட்டைகள் ஒடுங்கிக் கிடந்தன.

"மாப்ள, இனி ஒண்ணக்கூட மீனுக்குப் போடாத" என்றேன். என் குரல் தழுதழுத்தது. (கரப்பானுக்காக அழுத ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன்.)

இப்போது வீட்டில் மறுபடி பெட்டிக்கு மேல் பெட்டி, எல்லாம் கலப்பு. செல்வி சிரித்த சிரிப்பில் அவள் போட்ட 'ஒரே பெட்டி' சட்டம் அடிபட்டுப் போனது. ஆனால் போன மாதம் என் தங்கை மகனுக்குப் பெண் பார்க்க டி. கல்லுப்பட்டிக்குக் கிளம்பியபோது, என்னை வண்டியில் ஏற்ற சேகர் சம்மதிக்கவில்லை.

"மச்சான் வேணாம். பொண்ணுக்குக் கொம்பு இல்லன்னு தட்டிவிட்டுட்டு வந்துருவாரு."

இதைப் பெண் வீட்டிலும் போய்ச் சொல்லியிருக்கிறான். முதலில் சிரித்தது அந்தப் பெண்தானாம். வரும் தையில் கல்யாணம்.